மாமன் மடி

அண்ணனின் விலை ஆறு லட்சம். வட்டி தனி.

வக்கீல் சொல்லித்தான் அவளுக்கே அது உறைத்தது.

நாளைக்குள் கேஸ் போட வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து, கடனுக்கு எழுதித் தந்த புரோநோட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டுக்கு இன்னும் மூன்று வருடம் உயிர் கிடைக்கும். இரண்டும் நடக்காவிட்டால் நாளையோடு காலாவதி. அப்புறம் அந்தத் தாளில் வடை மடிக்கலாம்.

நகையை விற்றுக் கொடுத்த காசு. புருஷனுக்கு இன்னும் பதில் சொல்லி முடியவில்லை.

கேஸ் போட்டால் காசு வரும். மகளுக்குக் காது குத்த மாமன் மடி வராது.

அண்ணனுக்கும் கணக்குத் தெரியும். பருப்பு மண்டிக்காரன். அதனால்தான் மாதக்கணக்கில் போனை எடுக்கவில்லை.

ஆனால் இன்றைக்குக் காதுகுத்து. தாய்மாமன் வராமல் இருக்க முடியுமா? ஊர் காறித் துப்பாதா?

குலசாமி கோயில் வாசலில், பந்தியைப் பார்க்கப் போகிறவள் போல ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

வந்துவிட்டான்.

தட்டில் பழம், பட்டுப்பாவாடை, ஒரு கவர். தோடு இல்லை. தோட்டை அவளே வாங்கி வைத்திருந்தாள். அண்ணனை அறிந்தவள்.

பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார்.

கவரைப் பிரித்து எண்ணினாள். வெற்றிலைக்கு அடியிலிருந்து புரோநோட்டை உருவினாள். தொகையை எழுதினாள். குனிந்தாள்.

"இதென்னத்தா, ஆசாரி ஊசியோட நிக்காருன்னு பாத்தா, நீ பேனாவோட நிக்க?"

"கவர்ல ஐயாயிரத்தொண்ணு இருக்குண்ணே. கடன்ல வரவு வெச்சுக்கிறேன். பின்னாடி ஒரு கையெழுத்துப் போடுங்க. எந்திரிச்சிராதீங்க, பிள்ள மிரளும்."

சுற்றிலும் சொந்தம். மடியில் பிள்ளை.

சிரித்துவிட்டான்.

"மண்டில ஒன்னயத்தான் ஒக்கார வெச்சிருக்கணும்."

பிள்ளையின் முதுகில் நோட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

வரவு ஐயாயிரத்து ஒன்று. நிலுவை ஐந்து லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. கேஸ் இல்லை.

அவளுக்கு மூச்சு வந்தது.

ஊசி இறங்கியது. பிள்ளை அலறியது.

மொய் எழுதுகிறவர் மைக்கைத் தட்டினார்.

"தாய்மாமன் சீர் என்னன்னு சொல்லுங்க. எழுதணும்ல?"

கவர் கடனுக்குப் போய்விட்டது. கூட்டம் முழுக்க அண்ணனைப் பார்த்தது.

அவன் கை விரலுக்குப் போனது. மோதிரத்தைக் கழற்றிப் பிள்ளையின் விரலில் போட்டான். நிற்கவில்லை. உருண்டு விழப் போனதை அவள் உள்ளங்கையில் பிடித்தாள்.

கனமே இல்லை.

வியாபாரி மகளுக்கு உரைகல் எதற்கு? அப்பா செய்து போட்ட மோதிரம் எப்போதோ போயிருக்கிறது. இது கவரிங்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காதை ஊதிக்கொண்டிருந்தான்.

"மோதிரம்ணே," என்றாள் மொய்க்காரரிடம். "தங்க மோதிரம்."

"எடை?"

கையை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒரு பவுன்."

அவர் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார்.

தாய்மாமன் சீர், தங்க மோதிரம் ஒன்று, ஒரு பவுன்.