பன்னிரண்டு புகார்கள்

2023ஆம் ஆண்டு, அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. விடியும்போது தூறிக்கொண்டிருந்த வானம் பத்து மணிக்கெல்லாம் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடித்தது.

நகராட்சிக் கூடத்தில் நிற்கவும் இடமில்லை. வரப்போகும் நெடுஞ்சாலையின் இருபுறமும் எந்தத் தொழிலுக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்பது அன்று முடிவாக இருந்தது. சுவரிலிருந்த வரைபடத்தில் ஆளாளுக்குத் தம் கடையை விரலால் தேடினார்கள்.

"மருந்துக் கடை உண்டு."

"கடிகாரக் கடையும் உண்டுப்பா."

"டிங்கரிங் பட்டறை?"

"கிடையாதாம்."

அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறைக்காரர் மறுபடியும் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு தொழில்தான்.

விலக்கு ஒன்று இருந்தது. பத்து ஆண்டுகளாக அதே இடத்தில் இடைவிடாமல் நடந்த தொழில் என்று அரசு முத்திரையுள்ள காகிதத்தால் மெய்ப்பித்தால் தொடரலாம். வாய்ச்சாட்சி செல்லாது.

அவரிடம் காகிதமே இல்லை. இடம் வாடகை, மின் இணைப்பு இடத்தின் உரிமையாளர் பெயரில். உரிமத்தை யாரும் கேட்டதில்லை, அவரும் வாங்கியதில்லை. எனவே, கடைப் பலகையையே கழற்றித் தோளில் சுமந்து வந்திருந்தார்.

"என்னங்க இது?" என்றார் திட்ட அலுவலர் அம்மையார்.

"கடைப் பலகை, மேடம். 'தொடக்கம் 2011'னு போட்டிருக்கு பாருங்க."

அம்மையார் தொட்டுப் பார்த்தார். விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது.

"பெயிண்டே காயலையே."

"பெரிய இடத்துக்குக் கொண்டு வர்றோமேன்னு நேத்துதான் புதுசா அடிச்சேன், மேடம்."

கூடம் கொல்லென்று சிரித்தது. கூட வந்திருந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க கைத்திறமையை இங்கயா காட்டணும்?"

அந்த நேரம் பார்த்துக் கடிகாரக்காரர் உள்ளே நுழைந்தார். கக்கத்தில் ஒரு காகிதக் கட்டு.

பட்டறையை ஒட்டிய கடை அவருடையது. ஆண்டு தவறாமல் ஜனவரி முதல் வாரத்தில் பட்டறைச் சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதுவார். கடைத்தெருவே அவரை 'மனு' என்றுதான் அழைக்கும். பட்டறைக்காரர் அவரோடு பேச்சை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

"மனு வந்தாச்சு. இன்னிக்கு உன்னை ஒரு வழி பண்ணாம விடமாட்டாரு" என்றார் மருந்துக் கடைக்காரர்.

மனைவி முழங்கையால் இடித்தாள். "போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"அவர் கால்ல விழச் சொல்றியா?"

"கால்ல வேணாம், காதுல போடுங்க."

அதற்குள் கட்டு மேசைக்குப் போய்விட்டது.

"பன்னிரண்டு புகார், மேடம். பன்னிரண்டுலயும் இந்த ஆபீஸ் முத்திரை இருக்கு."

அம்மையார் உரக்கப் படித்தார். "'என் கடைச் சுவரை ஒட்டிய பட்டறையில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை ஓயாமல் தட்டுகிறார்கள். கை நடுங்குவதால் சின்னச் சக்கரங்களை என்னால் பொருத்த இயலவில்லை.'" அடுத்ததைப் புரட்டினார். அதிலும் அதே தட்டல், அதே நடுக்கம்.

பட்டறைக்காரர் பலகையை மெல்லத் தோளில் ஏற்றிக்கொண்டார். "வா, போகலாம்" என்றார் மனைவியிடம்.

"தம்பி, எங்க போறே? நில்லு." கடிகாரக்காரர் திரும்பவில்லை. "மேடம், தேதியைப் படிங்க."

"தேதியா?"

"2012லேர்ந்து இந்த வருஷம் வரைக்கும். ஒரு வருஷம்கூட விட்டுப்போகல. முத்திரை வச்ச காகிதம் கேட்டீங்களே, இதுதான். இவன் இடைவிடாம தட்டினான்னு என்னைவிட யாரு சொல்ல முடியும்?"

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் போயிட்டா உங்களுக்கு நிம்மதிதானே, ஐயா?"

"நிம்மதிதான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பன்னிரண்டு வருஷமா எழுதறேன். இவன் வீட்டு அடுப்பை அணைக்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருக்கேனா, பாருங்க."

பட்டறைக்காரர் பலகையை இறக்கினார். "அண்ணே" என்றபடி கடிகாரக்காரர் பக்கம் நகர்ந்தார்.

"சட்டையெல்லாம் பெயிண்ட், பாரு" என்றார் கடிகாரக்காரர்.

விலக்கு ஆணை அன்று மாலையே கையெழுத்தானது. பட்டறைக்காரர் தட்டும் வேலையைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். சத்தம் பாதிதான் குறைந்தது. ஆகவே, ஜனவரி முதல் வாரத்தில் கடிகாரக்காரர் பதின்மூன்றாவது புகாரை எழுதினார். அதை நகராட்சிக்குக் கொண்டுபோய், வரிசையில் நின்று, முத்திரை வாங்கி வந்து கொடுத்தவர் பட்டறைக்காரர்.