வீட்டில் எல்லாருக்கும் புரிந்ததா?

அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்ட காலம் அது. மாணவருக்குப் பாடம் புரியாவிட்டால் பேராசிரியரே வீடு தேடி வருவார். கிளம்பும்போது, "வீட்ல எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று அவர் கேட்டாக வேண்டும் என்பது விதி. பாவம், பஸ்ஸுக்கு நேரமாகுமே என்று எல்லா வீட்டிலும் மரியாதைக்குத் தலையாட்டி அனுப்பிவைப்பார்கள்.

கோவில்பட்டியில் முப்பிடாதியின் வீட்டுக்கு அன்று பேராசிரியை வந்திருந்தார். மகள் அபிநயாவுக்கு நெருப்பின் வேதியியல் ஒருவழியாகப் புரிந்துவிட்டது. பேராசிரியை செருப்பை மாட்டிக்கொண்டே அந்த வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியே பாதி ஆயுளைக் கழித்த முப்பிடாதிக்கு வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு வெளங்கல டீச்சர். குச்சிய உரசுனா ஏன் பத்துது?"

"எம்மா, சும்மா இரும்மா!" என்று மகள் கிள்ளினாள்.

பேராசிரியை செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி பாயில் வந்து உட்கார்ந்தார். "பேரைச் சொல்லுங்கக்கா. இனிமே நீங்களும் எங்க மாணவிதான்."

முப்பிடாதி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அபி, சோறு பொங்கி வழியப் போவுது, நீ போய்ப் பாரு. எனக்குக் கிளாஸ் இருக்கு."