சடைச்சி எடுத்த கோடாலி

கடல் தாண்டி ஒரு தோட்டத்துல கரும்பு பிழியுற உருளை ஒண்ணு பீத்திக்கிச்சு: "துரையோட பங்களா, கப்பல் எல்லாம் என்னாலதான்டா!"

சுவத்துல தொங்குன கோடாலிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "கரும்ப வெட்டி உனக்கு ஊட்டுறது யாரு? விலைக்கு வாங்கிட்டு வந்த சடைச்சிதானே? அவ கை இல்லேன்னா நீ வெறும் இரும்பு!"

"அந்தக் கை எனக்குள்ள சிக்குனா, என்னை நிறுத்த மாட்டாங்க. கையத்தான் வெட்டுவாங்க. அதுக்குத்தானே உன்னைத் தொங்கவிட்டிருக்காரு துரை?"



மறுநாள் சடைச்சி பக்கத்துல நின்ன பொண்ணோட விரல் உருளையில சிக்கிருச்சு. கங்காணி கோடாலிய எடுக்க ஓடுனான். சடைச்சி முந்திக்கிட்டா. கோடாலிய உருவி உருளைக்கு நடுவுல சொருகிட்டா. ஆலையே நின்னு போச்சு. பொண்ணு கைய உருவிக்கிட்டா.

"அடேயப்பா, இவளல்லவோ பொம்பள!" முனை உடைஞ்ச கோடாலி உருளையப் பாத்துச் சிரிச்சுச்சு. "எங்க, இப்ப ஒரு கப்பலை நிரப்பு பாப்போம்!"