பொட்டுக்கு அடியில் ஓர் எண்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து வேப்பமர நிழலில் பழைய அம்பாசடர் ஒன்று பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது. ஆர்.சி. புத்தகம் எப்போதோ தொலைந்துபோன வண்டி. அதன் சொந்தக்காரரான பனியன் கம்பெனி முதலாளியும் போன ஐப்பசியில் தவறிவிட்டார். வண்டியை டிரைவர் தவசியின் பேருக்கு மாற்றிக் கொடுக்க, முதலாளியின் மனைவி சித்ராதேவி நல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்க ஆய்வாளர் குனிகிறார். நம்பரைக் காணோம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை முதலாளி அப்பிய சந்தனமும் குங்குமமும் அந்த இடத்தில் அடையாகக் காய்ந்து கிடக்கின்றன. பனியன் வேஸ்ட் துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்த தவசியின் கை அந்தரத்தில் நிற்கிறது. “மொதலாளி கைபட்ட பொட்டும்மா…” என்கிறார். “தொடைங்க தவசி. உங்களுக்குத்தான்னு அவிய வாயாலயே சொன்ன வண்டிங்க” என்கிறார் சித்ராதேவி. துணி சிவக்கச் சிவக்க, இலை இடுக்கில் விழும் வெயிலில் எண்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. கணினியில் உள்ளதோடு ஒத்துப்போகிறது என்று ஆய்வாளர் சொல்கிறார். தவசி ஈரக் கையோடு கும்பிடுகிறார். சித்ராதேவி அந்தத் துணியை வாங்கிக்கொள்கிறார். ஐப்பசியிலிருந்து குங்குமம் தொடாத விரலால் அதன் சிவப்பைத் தொட்டு, நம்பர் மறையாதபடி சற்றே தள்ளி, ஒரு பொட்டு வைக்கிறார்.