சாக்குச் சிறகு

ஆண் இருவாச்சிப் பறவை வண்டியில் அடிபட்டுச் சாலையோரம் செத்துக் கிடந்தது. அதன் பெட்டை மரப்பொந்துக்குள் இருக்கிறது. முட்டையிடப் போனபோதே வாசலை எச்சமும் மண்ணும் குழைத்து அடைத்துக்கொண்டது. சிறகையும் உதிர்த்துவிட்டதால் வெளியே வந்தாலும் பறக்காது. அலகு மட்டும் நுழையும் கீறல் வழியாக ஆண் ஊட்டினால்தான் அதற்கும் குஞ்சுக்கும் உயிர்.

வனக்காவலர் ராமையன் ஏணியில் நின்று அத்திப்பழத்தைக் கீறலருகே நீட்டினார். வெளியே தெரிந்த அலகும் உள்ளே போய்விட்டது.

"ஆளு மாறினது அதுக்குத் தெரியுதுங்க," என்றாள் கீழே நின்ற அவர் மனைவி மயிலாத்தா. "எனக்கு ஒருநாளாச்சும் ஊட்டியிருந்தா உங்களுக்குப் பழக்கம் இருந்திருக்கும்."

"சும்மா இரு மயிலு. அது றெக்கைச் சத்தத்துக்குக் காத்துட்டிருக்குது."

இருவாச்சி பறந்து வந்தால் ரயில் வருவதுபோல் இரையும். மயிலாத்தா காலிச் சாக்கை எடுத்து, இரு கையாலும் காற்றில் வீசி வீசி அடித்தாள். வெகுநேரம் அடித்தாள்.

அலகு மெல்ல வெளியே வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. உள்ளே குஞ்சு கத்தியது.

"வாங்கிருச்சு! போதும், நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை. "அடுத்ததக் குடுங்க," என்றாள், தோள் நடுங்க. "நிறுத்தினா அவன் போயிட்டான்னு நெனச்சுக்கும்."