பெயர் சொல்லிக் கூப்பிட்டவன்

"என்னை அண்ணேங்கிறான். உன்னை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடறான். கவனிச்சியா?"

ரயில் குன்மிங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. யோங்ஷெங் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். எதிரே உட்கார்ந்திருந்த ருய்லான் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"என் பேரு சொல்ல நல்லா இருக்கு போல."

"விளையாடாதே. நாஞ்சிங்ல ஏறினப்போ அவன் யாருன்னே தெரியாது. இப்ப உனக்கு வெந்நீர் பிடிக்கப் போயிருக்கான்."

"உன்னைத்தான் முதல்ல கேட்டேன். நீ போன்ல இருந்தே."

அது உண்மைதான். புது ஃப்ளாட்டுக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் போடுவது என்று கொத்தனாரோடு ஆரம்பித்த பேச்சு, மூன்று மாகாணம் தாண்டியும் முடிந்தபாடில்லை.

அதற்குள் ஹெங் வந்துவிட்டான். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் ஆவி பறக்கும் நூடுல்ஸ் கிண்ணம்.

"ருய்லான், மூடியைத் திறந்துடாதீங்க, இன்னும் கொஞ்சம் ஊறணும். அண்ணே, உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வரவா?"

"எனக்குக் கை இருக்கு."

ஹெங் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். லீவு விட்டால் முதுகில் ஒரு மூட்டையோடு கிளம்பிவிடுவானாம். இந்த முறை அவனும் பனிமலை அடிவாரத்து யூபெங் கிராமத்துக்குத்தான் போகிறான் என்று தெரிந்ததும் ருய்லான் முகம் மலர்ந்தது. யோங்ஷெங்குக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

"பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரலையா?" என்று மடக்கினான்.

"இன்னும் யாரும் மாட்டலை அண்ணே."

ருய்லான் வாய்விட்டுச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோங்ஷெங்குக்கு விளங்கவே இல்லை.

குன்மிங்கில் இறங்கி, தெச்சின் என்ற மலை ஊருக்குப் போகும் பஸ்ஸில் நிலைமை இன்னும் மோசம். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று யோங்ஷெங் முன் சீட்டுக்குப் போய்க் கொத்தனாரைப் பிடித்தான். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால், மலை வளைவுகளில் தலைசுற்றிக் கிடந்த ருய்லானின் மூக்கருகே ஹெங் ஆரஞ்சுத் தோலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளும் சமத்தாக முகர்ந்துகொண்டிருந்தாள். தன் இடத்தில் வேறொருத்தன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யோங்ஷெங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயமாகப் பார்த்தால் எழுந்து போனது அவன்தான். ஆனால் பொறாமைக்கு நியாயமாவது ஒன்றாவது.

மறுநாள் மலையேற்றம். முதல் ஏற்றத்திலேயே ருய்லானின் பை ஹெங்கின் தோளுக்குப் போய்விட்டது.

"என் பொண்டாட்டி பையை நீ எதுக்குத் தூக்கறே? இறக்கு."

"மூச்சு வாங்குறாங்களேன்னு..."

"இறக்குன்னா இறக்கு."

பையைப் பிடுங்கிக்கொண்டான். முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று. பின்னால் வந்த கோவேறு கழுதைக்காரன், "ஐயா, என் கழுதைகூட இவ்வளவு சுமக்காது" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனான்.

ஹெங் தயங்கினான். "நான் கூட வர்றது உங்களுக்குப் பிடிக்கலைன்னா முன்னால போயிடறேன் அண்ணே."

"போ. அதான் மரியாதை."

அவன் தலை மறைந்ததும் யோங்ஷெங் மெதுவாகக் கேட்டான்.

"நேராவே கேக்கறேன். அவனைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"வெந்நீர் பிடிச்சுக் குடுத்ததுக்கா?"

"நான் பேசினா காது குடுத்துக் கேக்கறான்."

"உன்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தது நான்."

"நீயா? எட்டு வருஷமாக் கூட்டிட்டுப் போறேன் போறேன்னே. நான் தனியாக் கிளம்பவும் பின்னாலயே ஓடி வந்தே."

இவள் ஊருக்குத் தன்னோடு திரும்பி வருவாளா என்ற பயம் யோங்ஷெங்குக்கு முதன்முதலாக வந்தது. போனை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டான். அவள் அதைப் பார்த்தாள்.

யூபெங் விடுதிக்கு இருவரும் போய்ச் சேர்ந்தபோது, ஹெங் அங்கே அடுப்பருகே வெண்ணெய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ருய்லான், கால் ஊற வைக்க வெந்நீர் போடச் சொல்லியிருக்கேன்."

யோங்ஷெங் இரண்டு பைகளையும் தொப்பென்று கீழே போட்டான்.

"இங்க பாரு தம்பி. அவ காலைப் பத்திக் கவலைப்பட நான் இருக்கேன். இன்னொரு தரம் அவ பேரைச் சொன்னே, நடக்கிறதே வேற."

விடுதிக்கார அம்மாள் லாமு சாவிக் கொத்தோடு இடையில் வந்தாள்.

"சத்தம் போடாதீங்க, மத்தவங்களும் தங்கியிருக்காங்க. உங்க மூணு பேருக்கும் எத்தனை ரூம்?"

"ரெண்டு," என்று முந்திக்கொண்டான் யோங்ஷெங். "எனக்கும் என் பொண்டாட்டிக்கும் ஒண்ணு. இவனுக்கு அந்தக் கோடியில ஒண்ணு."

"மூணு," என்றாள் ருய்லான்.

லாமு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "புருஷன் பொண்டாட்டிக்குத் தனித்தனி ரூமா? என்னம்மா, சண்டையா?"

"சண்டை இல்லக்கா. வீடு இருக்கிற குடும்பத்துக்கு இன்னொரு வீடு விக்கக் கூடாதுன்னு எங்க ஊர்ல சட்டம், ஆளுக்கொரு குடும்பம்னு கணக்குக் காட்டி ரெண்டாவது வீடு வாங்கறதுக்காகப் போன மாசம் இவரேதான் என்னைக் கூட்டிட்டுப் போய் விவாகரத்து வாங்கினார்," என்ற ருய்லான் தன் பையை எடுத்துக்கொண்டாள். "வீடு கைக்கு வந்ததும் மறுபடி கட்டிக்கலாம்னு அவரே முடிவும் பண்ணிட்டார், ஆனா அதுக்கு எனக்குச் சம்மதமான்னு இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை."