பதினொண்ணு ஏறுது!

"ஏறுது, ஏறுது! பதினொண்ணு ஏறுது!"

மெர்சி கத்தியதும் பேக்கிங் லைனே கொல்லென்று சிரித்தது. கனகத்துக்குச் சிரித்துச் சிரித்து வயிறே வலித்தது.

ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், கையில் ஒட்டினாலே போதும், உடம்புச் சர்க்கரையைச் சொல்லிவிடும் புதுப் பட்டை. ஒரகடம் தொழிற்சாலையில் இவர்கள் லைனில்தான் தயாராகிறது. சோதனைக்காகத் தொழிலாளர்கள் இருபது பேருக்கு ஒட்டிவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று காட்டச் சுவரில் பெரிய திரையும் மாட்டியிருந்தார்கள்.

பதினோராம் நம்பர், சூப்பர்வைசர் பாண்டுரங்கன். பிறந்தநாள் கேக்கைக்கூட லைனுக்குள் விடாத உத்தமர். "இனிப்பு விஷம்மா" என்று தினமும் பாடம் வேறு. அப்பேர்ப்பட்டவரின் நம்பர்தான் டீ டைம் முடிந்ததும் தவறாமல் எகிறியது.

"எங்க ஒளிஞ்சிகினு துன்றாரு இந்த மனுசன்?"

"என் பன்னெண்டப் பாரு மெர்சி, ஸ்கேல் வச்சி கோடு போட்டா மாரி போவுது. எங்க ஊரு பென்னலூர் ஒடம்புடி இது!" கனகம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

அவளுக்கு அந்தக் கோடு நேராகப் போயே ஆக வேண்டும். எட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். வெள்ளிக்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் வருகிறது. சர்க்கரை இருந்தால் லிஸ்டில் பெயர் வராது என்பது ஊரறிந்த விஷயம். பாண்டுரங்கனுக்கென்ன, அவர் எப்போதோ பர்மனென்ட். கிண்டல் செய்தால் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை. லிஸ்டில் கனகத்தின் பெயர் இருந்தது!

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மெர்சியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஆர்டரில் கையெழுத்துப் போட்ட கையோடு ஜாங்கிரி டப்பாவும் வந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, அவள் மட்டும் மூன்று தின்றாள்.

"சார், இன்னிக்காவது எங்க எதிர்ல துன்னுங்க சார்!"

"வேணாம்மா."

அவள் விடுவதாக இல்லை. கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்று நச்சரித்தாள்.

"ஏறுது! பதினொண்ணு ஏறுது!" மெர்சி அலறினாள்.

லைன் முழுக்கக் கைதட்டல். கனகம் திரையைப் பார்த்தாள். பாண்டுரங்கனைப் பார்த்தாள். அவர் வாயில் ஒரு துணுக்குகூடப் போகவில்லை.

"இன்னா சார் இது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மொத நாள் பூஜை போட்டு பட்டை கவர் மேலல்லாம் குங்குமம் வச்சீங்களே, நம்பர் மறைஞ்சிடுச்சி. உன்னுது எனக்கும் என்னுது உனக்கும் மாறிப்போச்சி. மூணாம் நாளே எனக்குத் தெரிஞ்சிடுச்சி."

கனகத்துக்குக் கண் கலங்கியது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்? உங்களப் போயி இத்தினி நாளா..."

"சாயங்காலம் டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், போய்ப் பாரு." டப்பாவை வாங்கி மூடினார். "சொல்லியிருந்தா லிஸ்ட்ல உன் பேரு வந்திருக்குமா?"